டிவி மாட்ட வந்த தம்பி கொடுத்த சம்மதம்

கேள்வி: தீபாவளிக்கு 43 இன்ச் ஸ்மார்ட் டிவி வாங்கினோம். சுவரில் மாட்ட வந்த தம்பி, திரையில் வந்த எல்லாவற்றுக்கும் 'அக்செப்ட்' கொடுத்து, வைஃபை பாஸ்வேர்டையும் கேட்டுப் போட்டுவிட்டுப் போனார். நாங்கள் பார்ப்பது பெரும்பாலும் செட்டாப் பாக்ஸில் சீரியலும் செய்தியும்தான். பேரன் வந்தால் யூடியூப். டிவி நாம் பேசுவதையெல்லாம் ஒட்டுக் கேட்கிறது என்கிறார் மாப்பிள்ளை. கீழ் விளிம்பில் இருந்த கறுப்புப் புள்ளிதான் கேமரா என்று அதன்மேல் ஸ்டிக்கரும் ஒட்டினார். அன்றிலிருந்து ரிமோட் தகராறு செய்கிறது. சர்க்கரை நோய் பற்றி ஒரு டிவி நிகழ்ச்சி பார்த்தோம். இப்போது என் போனில் சுகர் பார்க்கும் மிஷின் விளம்பரமாக வருகிறது. இது நிஜமா, பிரமையா? இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டால் போதுமா? கம்பெனிமேல் புகார் செய்ய முடியுமா? பழைய ஸ்மார்ட் டிவியை நாத்தனார் வீட்டுக்குக் கொடுக்கப்போகிறோம், அதில் ஏதாவது செய்ய வேண்டுமா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் அந்த ஸ்டிக்கரைப் பிய்த்து எறியுங்கள். கீழ் விளிம்பில் இருக்கும் கறுப்புப் புள்ளி கேமரா அல்ல, ரிமோட்டின் சிக்னலை வாங்கும் சென்சார். இப்போது வரும் ரிமோட்கள் பலவற்றில் குரல் பட்டனும் மெனு பட்டன்களும் புளூடூத்தில் வேலை செய்யும். டிவியை ஆன் செய்யும் பட்டன் போன்ற சில மட்டும் இன்னும் அந்தப் புள்ளியை நம்பியிருக்கும். அதனால்தான் பாதி பட்டன் வேலை செய்து பாதி செய்யாமல் ரிமோட் கெட்டுப்போன மாதிரி தெரியும். பசை ஒட்டியிருந்தால் கண்ணாடி துடைக்கும் துணியை லேசாக நனைத்துத் துடையுங்கள். நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம், பிளாஸ்டிக் வெளுத்துவிடும். கேமரா இருக்கிற டிவிகளில் அது பெரும்பாலும் மேல் விளிம்பின் நடுவில், போனில் இருப்பது போன்ற சிறு லென்ஸாகத் தெரியும். சாதாரண 43 இன்ச் டிவிகள் பெரும்பாலானவற்றில் கேமராவே கிடையாது.

அடுத்து மைக். ரிமோட்டின் தலைப்பக்கம் ஊசித் துளை போல இருப்பதுதான் அது. குரல் பட்டனை அழுத்தும்போதுதான் அது உயிர் பெறும். ரிமோட் இல்லாமலே 'ஹே கூகுள்' என்று கூப்பிட்டால் பதில் சொல்லும் டிவி என்றால் கதை வேறு. அதில் டிவியிலேயே மைக் இருக்கும். பல மாடல்களில் கீழ் விளிம்பில் விரல் நகத்தால் தள்ளும் சின்ன ஸ்விட்ச் ஒன்றும் இருக்கும். அதைத் தள்ளி அணைத்துவிடுங்கள். மாப்பிள்ளையின் பயத்தை வெறும் கற்பனை என்று தள்ளிவிடவும் மாட்டேன். குரல் வசதியைப் பயன்படுத்தும்போது சொல்லும் சொந்த விஷயங்களும் பதிவாகி மூன்றாம் நிறுவனத்துக்குப் போகலாம் என்று சாம்சங் தன் டிவிகளின் தனியுரிமைக் கொள்கையில் எழுதியிருந்தது 2015-ல் உலகம் முழுக்கப் பெரிய சர்ச்சையானது. ஆனாலும் உங்கள் வீட்டில் நடப்பது வேறு என்றுதான் நினைக்கிறேன். டிவிக்கு உங்கள் பேச்சு தேவையில்லை. திரையில் ஓடும் படமே அதற்குப் போதும்.

இதற்கு ஏசிஆர் என்று பெயர். திரையில் ஓடுவது என்ன நிகழ்ச்சி என்று டிவி தானே கண்டுபிடிக்கும் முறை. 4கே டிவியில் 3840-க்கு 2160 என்று கிட்டத்தட்ட 83 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. அவ்வளவையும் அனுப்பினால் உங்கள் இன்டர்நெட் திணறிவிடும், நீங்களும் கவனித்துவிடுவீர்கள். அதனால் திரையின் சில இடங்களின் நிறத்தையும் வெளிச்சத்தையும் மட்டும், சில டிவிகள் ஒலியையும், மாதிரி எடுத்து ஒரு சிறு எண்கோவையாகச் சுருக்கிக்கொள்கிறது டிவி. கைரேகை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ரேகை நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. அங்கே ஏற்கெனவே சேனல்கள், விளம்பரங்கள், படங்கள் எல்லாவற்றின் ரேகையும் எடுத்து அடுக்கி வைத்திருப்பார்கள். இரண்டும் பொருந்தினால், இந்த வீட்டில் இத்தனை மணிக்கு இந்தச் சேனலில் இந்த நிகழ்ச்சி ஓடியது, இந்த விளம்பரம் வந்ததும் சேனலை மாற்றினார்கள் என்பது வரை பதிவாகிவிடும். உங்கள் மகளின் கல்யாண வீடியோவுக்கு அங்கே ஜோடி ரேகை கிடையாது, எனவே அது பொருந்தாது. சீரியலுக்கு உண்டு.

பலரும் தவறவிடுவது ஒன்று இங்கே இருக்கிறது. 'நாங்கள் செட்டாப் பாக்ஸில்தானே பார்க்கிறோம், டிவிக்கு என்ன தெரியும்' என்பார்கள். பாக்ஸிலிருந்து எச்டிஎம்ஐ ஒயர் வழியாக வரும் படமும் கடைசியில் இதே திரையில்தானே ஓடியாக வேண்டும்? லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ், கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகம், மாட்ரிட் கார்லோஸ் III பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் 2024-ல் சாம்சங், எல்ஜி டிவிகளிலிருந்து வெளியே போகும் தரவைப் பிடித்து ஆராய்ந்தார்கள். எல்ஜி 10 மில்லி நொடிக்கு ஒருமுறையும் சாம்சங் 500 மில்லி நொடிக்கு ஒருமுறையும் திரையை மாதிரி எடுக்கின்றன. சேர்ந்ததை எல்ஜி 15 நொடிக்கு ஒரு தடவையும் சாம்சங் நிமிடத்துக்கு ஒரு தடவையும் அனுப்பிவிடுகின்றன என்று தெரிந்தது. எச்டிஎம்ஐ-யில் லேப்டாப்பை மாட்டி டிவியை வெறும் மானிட்டராகப் பயன்படுத்தியபோதும் அனுப்பல் நிற்கவில்லை. ஆறுதலான செய்தியும் அதே ஆய்வில் உண்டு: செட்டிங்ஸில் போய் மறுத்தபோது இந்த அனுப்பல் நின்றது. நெட்ஃபிளிக்ஸ், யூடியூப் ஆப்களுக்குள் ஓடியதை ஏசிஆர் தொடவில்லை. (அந்த ஆப்கள் தங்கள் கணக்கைத் தாங்களே எழுதிக்கொள்கின்றன, அது தனிக் கதை.) ஆய்வு நடந்தது பிரிட்டனிலும் அமெரிக்காவிலும். இரண்டு நாட்டுக்கும் நடுவிலேயே வித்தியாசம் இருந்தது. எனவே உங்கள் மாடல் அப்படியே இதே கணக்கில் நடக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன், முறை இதுதான்.

எதற்கு இவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்றால், டிவியை விற்பதில் இப்போது பெரிய லாபம் இல்லை. அமெரிக்காவின் விஸியோ நிறுவனம் பங்குச்சந்தைக்குக் காட்டிய கணக்கே சாட்சி. 2021 ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மூன்று மாதத்தில் கருவிகளை விற்றதில் மொத்த லாபம் 2.56 கோடி டாலர். விளம்பரமும் பார்வைத் தரவும் அடங்கிய பிரிவில் 5.73 கோடி டாலர். நம் ஊர் பாஷையில் சொன்னால், டிவியைக் குறைந்த விலைக்குக் கொடுப்பது உங்கள் கூடத்தில் கடை போட இடம் பிடிப்பது மாதிரி. வியாபாரம் அதற்குப் பிறகுதான். அதே விஸியோவை 2024-ல் 230 கோடி டாலருக்கு வால்மார்ட் வாங்கியது. மளிகைக் கடைக்காரருக்கு டிவி கம்பெனி எதற்கு என்று யோசித்துப் பாருங்கள்.

விஸியோ முன்பே பிடிபட்டதுதான். 2014 பிப்ரவரியிலிருந்து 1.1 கோடி டிவிகளில் வாடிக்கையாளருக்குச் சரியாகச் சொல்லாமல் நொடிக்கு நொடி பார்வையைப் பதிவுசெய்தது. அதோடு வயது, வருமானம், திருமண நிலை, படிப்பு போன்ற விவரங்களைச் சேர்க்கவும் வழிசெய்து மற்ற நிறுவனங்களுக்கு விற்றது என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையமும் நியூஜெர்சி மாநிலமும் குற்றம் சாட்டின. 2017 பிப்ரவரியில் 22 லட்சம் டாலர் கட்டி முடித்துக்கொண்டார்கள். வகுத்துப் பார்த்தால் டிவிக்கு 20 சென்ட். அந்த வழக்கில் எனக்கு முக்கியமாகப் படுவது பணம் அல்ல. வாங்கும்போது இந்த வசதி இல்லாத பழைய டிவிகளிலும் அப்டேட் வழியாக அதை ஏற்றியிருந்தார்கள். அதாவது, வாங்கின அன்று சரிபார்த்தது போதாது.

போனில் வந்த சுகர் மிஷின் விளம்பரத்துக்கு வருகிறேன். டிவிதான் காரணம் என்று ஒரே ஒரு விளம்பரத்தை வைத்து நிரூபிக்க முடியாது. நிகழ்ச்சி பார்த்த பிறகு வீட்டில் யாராவது போனில் 'சர்க்கரை அளவு எவ்வளவு இருக்கணும்' என்று தேடியிருந்தால் அதுவே போதும். ஆனால் டிவியிலிருந்து போனுக்குப் பாதை இல்லாமல் இல்லை. உங்கள் வீட்டு டிவி, உங்கள் போன், மாப்பிள்ளையின் போன் எல்லாம் ஒரே வைஃபையில் இருக்கும்போது வெளியுலகுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே ஐபி முகவரிதான் தெரியும். ரேஷன் கார்டு மாதிரி: பெயர் யாருடையதானாலும் கார்டு குடும்பத்துக்கு ஒன்று. அந்த ஒரே கார்டை வைத்து, டிவியில் பார்த்ததையும் போனில் காட்டுவதையும் ஒரு குடும்பக் கணக்கில் சேர்க்கிற வேலையை விளம்பர நிறுவனங்கள் வெளிப்படையாகவே விற்கின்றன. மாப்பிள்ளைக்கு 'பேசியதைக் கேட்டுவிட்டது' என்று தோன்றும் தருணங்கள் பலவற்றுக்குப் பின்னால் இருப்பது இதுதான்.

இனி ரிமோட்டை எடுங்கள். கால் மணி நேர வேலை. டிவி மெனு ஆங்கிலத்தில்தான் இருக்கும் என்பதால் அதே பெயர்களைத் தருகிறேன். மாடலுக்கு மாடல் ஒரு சொல் முன்பின் இருக்கலாம்.

சாம்சங் என்றால்: ஹோம் பட்டன், செட்டிங்ஸ், 'ஆல் செட்டிங்ஸ்', 'ஜெனரல் அண்ட் பிரைவசி', 'டெர்ம்ஸ் அண்ட் பிரைவசி', அதற்குள் 'பிரைவசி சாய்சஸ்'. இங்கே 'வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்' என்று இருப்பதுதான் ஏசிஆர். அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். 'இன்ட்ரஸ்ட் பேஸ்டு அட்வர்டைஸ்மென்ட்ஸ்' டிக்கையும் எடுங்கள். குரல் தேடல் பயன்படுத்துவதில்லை என்றால் 'வாய்ஸ் ரெகக்னிஷன்' டிக்கையும். பொது விதிமுறையும் தனியுரிமை அறிவிப்பும் கட்டாயம். அவற்றை மறுத்தால் ஸ்மார்ட் வசதி மொத்தமும் போய்விடும். எனவே மேலே சொன்ன மூன்றை மட்டும் தொடுங்கள்.

எல்ஜி-யில் அந்த வசதியின் பெயர் 'லைவ் பிளஸ்'. பெயரைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகமே வராது, அதுதான் நோக்கம் என்று எனக்குத் தோன்றும். 'ஆல் செட்டிங்ஸ்', 'ஜெனரல்', 'சிஸ்டம்', 'அடிஷனல் செட்டிங்ஸ்' என்று போனால் கிடைக்கும். பிறகு 'சப்போர்ட்', 'பிரைவசி அண்ட் டெர்ம்ஸ்', 'யூசர் அக்ரிமென்ட்ஸ்' போய் 'வியூயிங் இன்ஃபர்மேஷன்' டிக்கை எடுங்கள். 'சில சேவைகள் கிடைக்காது' என்று ஒரு எச்சரிக்கை வரும். பயப்படாமல் ஓகே கொடுங்கள், சீரியலுக்கும் யூடியூபுக்கும் ஒன்றும் ஆகாது.

கூகுள் டிவியில் ஓடும் மற்ற பிராண்டுகள் என்றால் இரண்டு இடம் பார்க்க வேண்டும். ஒன்று கூகுளுடையது: செட்டிங்ஸ், 'பிரைவசி', 'ஆட்ஸ்' போய் 'டெலீட் அட்வர்டைசிங் ஐடி', அதே 'பிரைவசி' பக்கத்தில் 'யூசேஜ் அண்ட் டயக்னாஸ்டிக்ஸ்' ஆஃப். இன்னொன்று டிவி தயாரித்த கம்பெனி தனியாகச் சொருகியது. சிலவற்றில் 'சம்பா' என்ற ஏசிஆர் நிறுவனத்தின் பெயரில் இருக்கும். சிலவற்றில் கம்பெனியின் சொந்தப் பெயரில் தனியுரிமைப் பக்கம் இருக்கும். கூகுள் பக்கத்தை மட்டும் அணைத்துவிட்டு இதை மறப்பதுதான் வழக்கமான தவறு. முகப்பில் வரும் விளம்பர அடுக்குகளும் எரிச்சலாக இருந்தால் 'அக்கவுண்ட்ஸ் அண்ட் சைன் இன்' பக்கத்தில் உங்கள் கணக்குக்குள் 'ஆப்ஸ் ஒன்லி மோட்' இருக்கும். அதைப் போட்டால் பரிந்துரைகள் போகும், கூடவே கூகுள் குரல் உதவியும் போகும். உங்களுக்கு அது நஷ்டமில்லை.

பேரனின் யூடியூப் தனி. அதைச் செட்டிங்ஸில் 'பாஸ் வாட்ச் ஹிஸ்டரி' போட்டு நிறுத்தலாம். பழைய பதிவையும் அழித்துவிட்டால் யூடியூபின் முகப்பு காலியாக வரும், தேடித்தான் பார்க்க வேண்டும். பேரன் ஒரு நாள் அழுவான்.

மாற்றியதும் அந்தப் பக்கத்தைப் போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் கழித்து மாட்டி, மாற்றம் நிற்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். பெரிய அப்டேட் வந்த பிறகும் போட்டோவை வைத்து ஒப்பிடுங்கள். அப்டேட் முடிந்ததும் புதிய ஒப்புதல் பக்கம் வந்தால், திரையில் தேர்வு பெரும்பாலும் தானாக 'அக்செப்ட் ஆல்' மேலேயே நிற்கும். அவசரத்தில் ஓகே அழுத்திவிட்டால் செய்ததெல்லாம் வீண்.

இன்டர்நெட்டைத் துண்டிப்பதா? உங்கள் வீட்டுக்கு அதுதான் மிகச் சுத்தமான வழி. ரேகை எடுத்தாலும் அனுப்ப வழி இருக்காது. செட்டாப் பாக்ஸுக்கு டிவியின் வைஃபை தேவையில்லை, சீரியல் வழக்கம்போல ஓடும். 'நெட்வொர்க்' பக்கத்தில் உங்கள் வைஃபை பெயரைத் தேர்ந்து 'ஃபர்கெட்' கொடுங்கள். வெறுமனே 'டிஸ்கனெக்ட்' கொடுத்தால் மறுநாள் தானே ஒட்டிக்கொள்ளும். பேரன் வரும் நாட்களில் போனின் ஹாட்ஸ்பாட்டைக் கொடுத்து, போனதும் மறக்கச் செய்யலாம். ஆனால் டிக்குகளை எடுத்த பிறகு இதைச் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஹாட்ஸ்பாட் கிடைத்த அன்று எல்லாம் பழையபடி நடக்கும்.

எப்போதும் யூடியூப் வேண்டும் என்றால் ரூட்டரில் 'கெஸ்ட் நெட்வொர்க்' ஒன்றை உண்டாக்கி டிவியை அதில் மட்டும் விடலாம். டிவி உங்கள் வீட்டிலுள்ள மற்ற கருவிகளை எட்டிப் பார்க்க முடியாது. ஆனால் வெளியே தெரியும் ஐபி முகவரி அதேதான், எனவே குடும்பக் கணக்கு விஷயத்தை இது தீர்க்காது. போனிலிருந்து டிவிக்குப் படம் அனுப்புவதும் வேலை செய்யாது, இரண்டும் வேறு வேறு நெட்வொர்க்கில் இருப்பதால். விளம்பர சர்வர்களோடு நடக்கும் தொடர்பை வீட்டு நெட்வொர்க்கிலேயே மறிக்கும் பை-ஹோல் மாதிரி தடுப்புக் கருவிகளை மாப்பிள்ளை சொன்னால், ஆர்வம் இருந்தால் செய்யட்டும். ஆப்கள் இடையிடையே திறக்காமல் போனால் வந்து சரிசெய்ய வேண்டியவர் அவர்தான். டிவியில் சொருகி யூடியூப் போன்ற ஆப்களைப் பார்க்கும் ஸ்டிக் ஏதாவது வாங்கி மாட்டினால் தப்பிக்கலாம் என்பதும் பாதி உண்மையே. டிவி கம்பெனியிடமிருந்து தப்பித்து ஸ்டிக் கம்பெனியிடம் போவீர்கள்.

புகார் பற்றி. இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. சம்மதம் சுதந்திரமாகவும் குறிப்பாகவும் விஷயம் தெரிந்தும் தரப்பட வேண்டும், கொடுத்தது எவ்வளவு எளிதோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும், அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வழி இருக்க வேண்டும் என்கிறது அது. மாட்ட வந்த தம்பி அழுத்திய 'அக்செப்ட்' இதில் எந்தக் கணக்கிலும் சேராது என்பது என் கருத்து. ஆனால் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் இந்தப் பிரிவுகள் அறிவிப்பிலிருந்து 18 மாதம் கழித்து, 2027 மே வாக்கில்தான் நடைமுறைக்கு வரும். அதுவரை 2011-ன் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனமும் குறைதீர் அதிகாரி ஒருவரை வைத்து, ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். அவரது மின்னஞ்சல் கம்பெனி இணையதளத்தின் தனியுரிமைப் பக்கத்தின் அடியில் இருக்கும். டிவியின் பின்புற ஸ்டிக்கரிலுள்ள மாடல் எண், சீரியல் எண், பில் தேதி எழுதி, 'ஒப்புதல்கள் எங்களால் தரப்படவில்லை, நிறுவ வந்தவர் அழுத்தியவை; அவற்றைத் திரும்பப் பெறுகிறோம், இதுவரை சேகரித்த பார்வைத் தரவை அழித்துத் தெரிவிக்கவும்' என்று நான்கு வரி போதும். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அழித்தேன் என்று கம்பெனி சொன்னால் நம்புவதைத் தவிர உங்களிடம் வழி கிடையாது. ஆனாலும் எழுத்தில் ஒன்று இருப்பது நல்லது.

பழைய டிவியை நாத்தனாருக்குக் கொடுக்கும் முன், அதில் திறந்திருக்கும் ஒவ்வொரு ஆப்பிலிருந்தும் வெளியேறுங்கள். ஏதாவது விட்டுப்போனால் போனிலிருந்தும் செய்யலாம்: நெட்ஃபிளிக்ஸ் கணக்கில் 'மேனேஜ் அக்சஸ் அண்ட் டிவைசஸ்', கூகுள் கணக்கில் 'யுவர் டிவைசஸ்' பக்கத்தில் அந்த டிவியை நீக்குங்கள். அதன் பிறகு ஃபேக்டரி ரீசெட். சிலவற்றில் பின் நம்பர் கேட்கும். யாரும் மாற்றியிருக்காவிட்டால் சாம்சங்கில் அது 0000. ரீசெட் முடிந்து மொழி தேர்ந்தெடுக்கும் பக்கம் வந்ததும் ஒன்றும் அழுத்தாமல் பிளக்கைப் பிடுங்கிப் பெட்டியில் வையுங்கள். மீதிப் பக்கங்களை நாத்தனாரே படித்து அழுத்தட்டும், மாட்ட வருகிறவர் கையில் ரிமோட்டைக் கொடுக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.